விண்வெளி வேறு, வெளிச்சம் வேறு

2024 ஜூலை 31ஆம் தேதி டோக்கியோ டிஸ்னிலேண்டில் ஒரு மலையை மூடினார்கள். மலை என்றால் மண்ணும் பாறையும் இல்லை. வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கூம்புக் கட்டடம். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஒரு ரோலர் கோஸ்டர். பெயர் ஸ்பேஸ் மவுன்டன். 1983 ஏப்ரல் 15 அன்று பூங்கா திறந்த முதல் நாளே இதுவும் திறந்தது. 41 வருஷம் ஓடிவிட்டு நின்றது. சும்மா நிற்கவில்லை. 'தி ஃபைனல் இக்னிஷன்' என்று பெயர் வைத்து, ஏப்ரல் மாதத்திலிருந்தே வழியனுப்பு விழா நடத்தி, நினைவுப் பொருட்கள் விற்று, கடைசி நாள் கூட்டம் கையசைக்க நின்றது. அந்த இடத்தில் 2027இல் புதிய ஸ்பேஸ் மவுன்டன் வரப்போகிறது. பூங்காவை நடத்தும் ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் 2022இல் இதை அறிவித்தபோது சொன்ன செலவு சுமார் 5,600 கோடி யென். பிறகு அது 7,000 கோடி யென்னைத் தாண்டிவிட்டது.

இதெல்லாம் தமிழ் இலக்கிய இதழில் எழுத வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். நண்பர்களிடம் பேசியபோது எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. ஒருவர்: "பழசாப் போச்சு, புதுசு கட்டறாங்க. இதுல என்னய்யா இருக்கு?" இன்னொருவர், நிறைய படிப்பவர்: "அமெரிக்கக் கம்பெனி பேர்ல ஜப்பான்ல ஓடுற பொம்மை வண்டிக்குத் தமிழ்ல ஒப்பாரியா?" மூன்றாமவர் ஜப்பானில் சில வருஷம் வேலை பார்த்தவர். அவர் மட்டும் உருகினார்: "இடிச்சிருக்கவே கூடாது. அப்படியே வெச்சிருக்கணும்."

மூன்று பேருமே தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த மலையை இடிக்கலாம். இடிக்கத்தான் வேண்டும். அதற்குள் இருந்த இருட்டை இடித்தால்தான் சண்டைக்கு வருவேன். அந்தச் சண்டை டோக்கியோவோடு முடியாது, எங்கள் ஊர் வரைக்கும் வரும்.

*

எங்கள் ஊர் காவாந்தண்டலம். உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரை. நான் நாலாவது படிக்கும்போது சித்தப்பாவிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதன் ஹெட்லைட் பல்பு எப்போதோ போய்விட்டது. மாற்றுவதற்கு அவருக்குக் காசும் இல்லை, அவசரமும் இல்லை. ஒருநாள் காஞ்சிபுரத்தில் படம் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பி வந்தோம். அமாவாசையோ அதற்கு முந்தின நாளோ. மெயின் ரோட்டை விட்டு ஏரிக்கரை மேல் ஏறியதும் சுத்தமாக ஒன்றுமே தெரியவில்லை. சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: "கைய மூஞ்சிக்கு நேரா நீட்டுடா. தெரியுதா?"

"தெரியல சித்தப்பா."

"அப்ப கெட்டியா புடிச்சிக்கோ."

அந்த வண்டி பறந்தது. சத்தியமாகப் பறந்தது. வலது பக்கம் ஏரித் தண்ணீரில் நட்சத்திரம், தலைக்கு மேலே நட்சத்திரம், நடுவில் கரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வயிறு மேலே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "சித்தப்பா பஸ்ஸ விட வேகமா ஓட்டுனாரு" என்று போட்டுக்கொடுத்தேன். மறுநாள் பகலில் அதே கரையில் அதே வண்டியில் போனோம். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டே கூடவே வந்தார்.

இதை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அந்தக் கரையில் பாம்பு உண்டு, படுத்திருக்கும் மாடு உண்டு, மதகு உண்டு. நாங்கள் உயிரோடு வீடு சேர்ந்ததில் சித்தப்பாவின் திறமையைவிட ஊர்ச்சாமியின் பங்கு அதிகம்.

ரொம்ப வருஷம் கழித்து, 2018இல், ஆறு வாரத்துக்கு ஆன்சைட் என்று டோக்கியோ போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்னிலேண்ட். கூட வந்தவர் திருநெல்வேலிக்காரர், எனக்கு சீனியர். வரிசை நகரவே இல்லை. "இதுக்கு நம்மூரு ராட்டினம் தேவலையே, ஏல" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்தோம். வண்டி விளக்குகளுக்கு நடுவே மெதுவாக மேலே ஏறியது. பிறகு விளக்குகள் பின்னால் போயின. அங்கங்கே நட்சத்திரப் புள்ளிகள். பாதை எங்கே என்று தெரியவில்லை. வண்டி வலப்பக்கம் விழுந்தது, இடப்பக்கம் எறிந்தது, என் தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை என் உடம்பு என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு திருப்பத்தில் கையை முகத்துக்கு நேராகத் தூக்கினேன். தெரியவில்லை. முப்பது வயதை நெருங்கிய ஒரு ஆண், ஏழு கடல் தாண்டி, பக்கத்தில் சீனியர் உட்கார்ந்திருக்க, "சித்தப்பா" என்று கத்தினேன்.

இறங்கி, ஓட்டலுக்கு வந்து, எவ்வளவு வேகம் என்று தேடிப் பார்த்தேன். சுமார் 50 கிலோமீட்டர். ஓ.எம்.ஆரில் ஷேர் ஆட்டோ போகும் வேகம்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் இன்ஜினியரிங் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்பேஸ் மவுன்டன் 1975 ஜனவரியில் ஃபுளோரிடாவில் திறந்தது. அதன் உச்சபட்ச வேகம் சுமார் 45 கிலோமீட்டர். தலைகீழாகச் சுற்றுவது கிடையாது. செங்குத்தான பள்ளம் கிடையாது. எப்போதாவது வண்டி பழுதாகி நின்று, உள்ளே வேலை விளக்குகளைப் போட்டுவிட்டால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்குமாம்: "இதுலயா இவ்ளோ நேரம் பயந்தோம்?" ஒரு பெரிய கொட்டகை, அதற்குள் பின்னிப் பிணைந்த இரும்புக் கம்பி, சின்னச் சின்ன இறக்கங்கள். சாரம் கட்டிய கட்டடம் போலத்தான் இருக்கும்.

அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது? நம் உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்புகளால் வேகத்தை அளக்க முடியாது. வேகம் மாறுவதை, திசை திரும்புவதை மட்டுமே அவை உணரும். எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைக் கண்தான் கணக்குப் போட்டுச் சொல்கிறது, பக்கத்தில் ஓடும் மரங்களைப் பார்த்து. திருப்பம் வருகிறது என்பதையும் கண்தான் முன்கூட்டியே சொல்கிறது. அதைக் கேட்டுக் கழுத்தும் இடுப்பும் தயாராகின்றன. கண்ணை எடுத்துவிட்டால் ஒவ்வொரு சின்னத் திருப்பமும் எதிர்பாராத அடி. வேகத்துக்கு அளவுகோல் கிடையாது, ஆகவே எல்லையும் கிடையாது. 45 கிலோமீட்டரை 150 ஆக்கும் இயந்திரம் இருட்டுதான். அதற்கு மின்சாரச் செலவும் இல்லை.

வெயிலில் ஓடும் கோஸ்டர் வேறு ரகம். எங்கள் பக்கத்திலேயே, திருப்போரூர் அருகே இள்ளலூரில், 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. அங்கே 'தஞ்சோரா' என்ற கோஸ்டரை சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபில்லார்ட் நிறுவனம் கட்டியிருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். அதன் பயம் பார்ப்பதிலிருந்து வரும் பயம்: தூரத்திலிருந்தே பார்த்து, "அய்யோ அங்க ஏறணுமா" என்று வரிசையில் நின்று நடுங்குவது. அதற்கு அதன் அழகு உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஸ்பேஸ் மவுன்டனின் பயம் பார்க்காததிலிருந்து வருவது. இந்தியாவிலும் இதே யோசனையில் ஒரு வண்டி உண்டு. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில், கோபோலியில், 2013இல் திறந்த இமேஜிகா பூங்காவின் 'டீப் ஸ்பேஸ்'.

சித்தப்பாவின் மொபெட்டுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம் பாம்பு. அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் டிஸ்னிக்காரர்கள் பத்து வருஷம் காத்திருந்தார்கள். விண்வெளிப் பயணம் போல இருட்டில் ஒரு வண்டி என்ற யோசனை 1960களின் நடுவிலேயே வந்துவிட்டது. வால்ட் டிஸ்னி உயிரோடு இருந்த காலம். ஆனால் இருட்டில் ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகளை மோதாமல் ஓட்டக் கணினி வேண்டும், அந்தக் கணினி அப்போது கைக்கு வரவில்லை. 1970களில்தான் அது சாத்தியமானது. வழி ரயில்வேக்காரர்களுடையது. பாதையைப் பிளாக் பிளாக்காகப் பிரிப்பது, ஒரு பிளாக்கில் ஒரே வண்டி. முன்னால் போன வண்டி அடுத்த பிளாக்கை விட்டு வெளியேறாவிட்டால் பின்னால் வருவது தானாக நின்றுவிடும். நீங்கள் ஒன்றும் பார்க்க வேண்டாம், யாரோ உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பான இருட்டு என்பதை மனிதன் கட்டியெழுப்பியதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

முதலாளித்துவப் பொம்மை என்று சொன்ன நண்பருக்கு இதுதான் பதில். பொம்மைதான், காசு வாங்கிக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். ஆனால் அவர் விரும்பிப் படிக்கும் எந்தக் கவிதை செய்வதையும்விடக் குறைவான வேலையை அது செய்யவில்லை. ஒன்றை மறைத்து, அதன் மூலம் உங்களை விழிக்க வைக்கிறது.

*

இனி உருகிய நண்பருக்கு. "அப்படியே வெச்சிருக்கணும்" என்பதை என்னால் ஏற்க முடியாது. இரும்பு களைப்படையும். உருவகமாகச் சொல்லவில்லை, உலோகக் களைப்பு என்பது பொறியியல் முதல் வருஷப் பாடம். ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை அழுத்தம் வந்து வந்து போனால், ஒவ்வொரு அழுத்தமும் தாங்கக்கூடிய அளவுதான் என்றாலும், ஒருநாள் விரிசல் விழும். கடல் பக்கத்தில் நாற்பது வருஷம் நின்ற இரும்பின் மேல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு "எங்கள் நினைவுகள்" என்று பேசுவது அயோக்கியத்தனம். இருபது வருஷத்துக்கு முந்தின கோடைத் தொட்டுவிடாதே என்று கும்பிட்டுக்கொண்டு கிடக்கும் ஆபீஸ்களில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அது பக்தி இல்லை, சோம்பல்.

சரியாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்பேஸ் மவுன்டன் 1977இல் திறந்தது. 2003இல் அதை மூடி, இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, உள்ளேயிருந்த தண்டவாளம் முழுவதையும் பிடுங்கிப் போட்டார்கள். 2005 ஜூலையில் மறுபடி திறந்தபோது பழைய தண்டவாளம் துண்டுகூட இல்லை. ஆனால் பாதை அதே பாதை. எந்த இடத்தில் திரும்பியதோ அதே இடத்தில் திரும்பியது, எந்த இடத்தில் விழுந்ததோ அதே இடத்தில் விழுந்தது. இருட்டும் அதே இருட்டு. அப்பாவும் பிள்ளையும் இருபத்தைந்து வருஷ இடைவெளியில் ஒரே இடத்தில் கத்தலாம். கோயிலில் குடமுழுக்குச் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மரம் மாறும், வண்ணம் மாறும், சில சமயம் கொடிமரமே மாறும். கருவறையில் டியூப்லைட் போட்டால்தான் கோயில் மாறிப்போகும்.

எதை மாற்றுகிறோம் என்று கேட்டால் போதாது. எதை மாற்றாமல் விடுகிறோம் என்று தெரிந்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

*

தவறாக மாற்றிய கதைக்குப் பாரிஸ் போக வேண்டும்.

பாரிஸ் டிஸ்னிலேண்டில் 1995இல் ஸ்பேஸ் மவுன்டன் திறந்தபோது அதற்கு அடித்தளம் ஒரு நாவல். ஜூல் வெர்னின் 'பூமியிலிருந்து நிலவுக்கு'. நாவலில் மனிதர்களைப் பீரங்கியில் வைத்து நிலவுக்குச் சுடுவார்கள். பாரிஸில் கட்டடத்தின் மேல் நிஜமாகவே ஒரு பித்தளை நிறப் பீரங்கியைச் சாய்த்து வைத்தார்கள். வண்டி அதற்குள்ளிருந்து எறியப்பட்டு இருட்டுக்குள் பாயும். பயணத்தின் முடிவுப் பக்கம் முகம் வைத்த ஒரு நிலா. 1902இல் ஜார்ஜ் மெலியேஸ் எடுத்த சினிமாவின் நிலா அது. ஒரு கோஸ்டருக்குள் பிரெஞ்சு இலக்கியமும் பிரெஞ்சு சினிமாவும் உட்கார்ந்திருந்தன. வெர்னைப் படிக்காத பிள்ளைகூட, பீரங்கி என்பதை விண்வெளிக்குப் போகும் வழியாக யாரோ ஒருத்தர் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார் என்ற வியப்போடு இறங்கிப் போயிருக்கும்.

2005இல் 'மிஷன் 2' என்று மாற்றினார்கள். வெர்ன் போனார். 2017இல் 'ஸ்டார் வார்ஸ்: ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டன்' ஆனது. இப்போது இருட்டுக்குள் திரைகளும் ஒளிவீச்சும். சினிமாவில் பார்த்த அதே விண்கலங்கள், சினிமாவில் கேட்ட அதே இசை. தண்டவாளம் பெரும்பாலும் அதேதான். கலிஃபோர்னியாவுக்கு நேர் எதிர்: அங்கே இரும்பை மாற்றி இருட்டை வைத்துக்கொண்டார்கள், இங்கே இரும்பை வைத்துக்கொண்டு இருட்டை விற்றுவிட்டார்கள்.

ஸ்டார் வார்ஸ் பிடிக்காது என்பதல்ல என் வாதம். மூன்று படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த வண்டியில் ஏறுபவர் என்ன பார்க்கப் போகிறார் என்பது ஏறும்முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பார்த்து, "ஆமா, அதேதான்" என்று மகிழ்ந்து இறங்குவார். விண்வெளி என்ற ஒன்றிடம் நாம் கேட்கக்கூடாத ஒரே பொருள் அதுதான், ஏற்கெனவே தெரிந்தது.

டோக்கியோவில் என்ன செய்யப் போகிறார்கள்? உள்ளரங்கக் கோஸ்டர் என்ற அடிப்படை அப்படியே இருக்கும் என்கிறார்கள். நல்லது. கூடவே, செயல்திறன் கூடும், சிறப்பு விளைவுகள் கூடும், அனுபவத்துக்குள் மூழ்கிவிடலாம் என்கிறார்கள். வெளியே பெரிய சதுக்கம், சூரியன் மறைந்ததும் விதவிதமான விளக்குகள், பூமிக்கும் பிரபஞ்சத்துக்கும் உள்ள உறவை உணர்த்துவதற்கு.

இந்த வாக்கியங்களைப் படித்ததும் எனக்குப் பழக்கமான ஒரு மீட்டிங் அறை ஞாபகம் வந்தது. திரையில் ஒரு வெற்றிடம் இருக்கும். யோசித்துத்தான் விட்டிருப்போம், கண் ஓய்வெடுக்கட்டும் என்று. யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "இந்த எடம் சும்மாதானே இருக்கு, இதுல என்ன போடலாம்?" அந்த அறையில், "ஒண்ணும் போட வேணாம் சார், சும்மா இருக்கிறதுதான் அதோட வேலை" என்று சொல்லி ஜெயித்தவனை நான் பார்த்ததில்லை. நானும் ஜெயித்ததில்லை. 7,000 கோடி யென் செலவு செய்துவிட்டு, "வாங்க, உள்ள ஒண்ணும் தெரியாது" என்று விளம்பரம் செய்ய எந்த நிர்வாகத்துக்குத் தைரியம் வரும்? செலவு செய்தால் காட்ட வேண்டும். காட்டுவதற்கு வெளிச்சம் வேண்டும்.

*

விண்வெளி என்கிறோம். அந்த வெளிக்குப் பொருள் வெட்டவெளி, ஒன்றும் இல்லாத இடம். வெளிச்சம் என்ற சொல்லுக்குள்ளும் அதே வெளிதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரே வேர். ஒன்று நம்மைச் சின்னதாக்குகிறது, மற்றது நம்மைச் சுற்றியிருப்பதை நமக்குச் சொந்தமாக்குகிறது. நாம் இரண்டாவதை மட்டும் வளர்த்துவிட்டு அதற்கு முதலாவதின் பெயரை வைத்துக்கொண்டோம். விளக்கும் விளக்கமும்கூட ஒரே வேர்தான். நம் கதைகளைப் பாருங்கள். இருபது பக்கம் நன்றாக இருட்டாக இருக்கும், கடைசிப் பாராவில் எழுத்தாளர் எழுந்து போய் சுவிட்சைத் தட்டிவிடுவார், கதை என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில். டோக்கியோக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் நம் கையும் சுவிட்சில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஊருக்குப் போன ஒரு ராத்திரி. மாடியில் படுத்துக்கொண்டு அக்கா மகளுக்குப் பால்வீதியைக் காட்டலாம் என்று பார்த்தேன். கூட்டு ரோட்டில் உயரமான கம்பத்தில் நாலாபக்கமும் எரியும் வெள்ளை விளக்கு. வடகிழக்கே, ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வானத்தின் அடிவிளிம்பே சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடக்கிறது. எண்ணி முப்பது நட்சத்திரம் இருக்கும். மனிதக் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் வேண்டும். கோல் செல்கள் மெதுவாகத்தான் விழிக்கும். ஒரே ஒரு வெள்ளை விளக்கைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கம்பத்தைப் பார்க்காமல் அவளால் மாடியில் எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. "மாமா, போன்ல காட்டு" என்றாள். காட்டினேன். அழகாக இருந்தது. நீலமும் ஊதாவும். அவள் சின்னதாகவே ஆகவில்லை. ஒரு தள்ளுத் தள்ளி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

எங்கள் செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அதே மலையில்தான் வைனு பாப்பு தேடித் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1960களில் அங்கே ராத்திரி ராத்திரியாகவே இருந்தது என்பது அதற்கு ஒரு காரணம். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988இல் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு மேற்கே, ஆறு தொடங்கும் மலையில், இருட்டைக் கருவியாக வைத்து விண்வெளியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த ஆற்றின் கரையில் பிறந்த பிள்ளைக்கு விண்வெளி என்றால் ஐந்தரை அங்குலத் திரை.

*

இதை ஊரில் உட்கார்ந்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கிட்டார். "இருட்டு நல்லாத்தான்டா இருக்கும், ஆம்பளைங்களுக்கு. வெளிக்குப் போறதுக்கு எப்ப இருட்டும்னு காத்துக்கிட்டிருந்து, இருட்டுனப்புறம் போறதுக்குப் பயந்துக்கிட்டிருந்தோமே, எங்களக் கேளு."

வெளிக்குப் போவது. அந்த 'வெளி'யை என் அகராதி விளையாட்டில் நான் சேர்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. அம்மா சொல்வது முழு உண்மை. ஊர்த்தெருவுக்கு வந்த விளக்கு காலனிக்கு வந்து சேர எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை வருஷம் ஆனது என்பதைக் காலனிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஹெட்லைட் இல்லாத வண்டியில் நான் பறந்த அதே கரையில் என் அக்காவை யாரும் அப்படி ஏற்றிக்கொண்டு போனதில்லை. இருட்டைப் புகழ்ந்து ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் இந்தப் பாரா பெரும்பாலும் இருக்காது. இருக்க வேண்டும்.

ஆனால் அம்மாவின் வாக்கியத்தை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு மறுக்கப்பட்டது இருட்டு இல்லாமை மட்டும் இல்லை, பயமில்லாத இருட்டும்தான். அதைக் கட்டித் தர முடியாதா? முடியும், அதற்குத்தான் ஸ்பேஸ் மவுன்டனை இவ்வளவு நேரம் இழுத்தேன். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற உறுதி இருந்தால் கண் தெரியாத இடத்தில்கூட மனிதர்கள் சிரித்துக்கொண்டு கத்துவார்கள். தெருவிளக்குக்கும் அதே கணக்குதான். விளக்கின் மேல் ஒரு மூடி போட்டால் போதும், பக்கவாட்டிலும் வானத்திலும் சிந்தும் வெளிச்சம் முழுக்கத் தரைக்கு வரும். அதே மின்சாரத்தில் பாதை இன்னும் நன்றாகத் தெரியும், பாம்பும் தெரியும், கண்ணும் கூசாது. வெள்ளைக்குப் பதில் மஞ்சள் விளக்கு வைத்தால் காற்றில் சிதறுவது இன்னும் குறையும். லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருண்ட வானக் காப்பகம் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஊரில் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. விளக்குக்கு மூடி, ஜன்னலுக்குத் தடித்த திரை. அவ்வளவுதான்.

இதை ஊரில் நாலு பேர் கூடியிருந்த இடத்தில் சொல்லிப் பார்த்தேன். கிராம சபை தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று 919இலும் 921இலும் பராந்தகன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்ற தைரியம். ஒரு பெரியவர் கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "லைட்டு வேணும்னு எத்தனையோ பேரு வந்து கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. லைட்டுக்குத் தொப்பி வேணும்னு கேட்ட மொத ஆளு நீதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பம் இன்னும் அப்படியேதான் எரிகிறது. அடுத்த முறையும் கேட்பேன்.

பழையது நல்லது என்பவர்களும் புதியது நல்லது என்பவர்களும் உள்ளுக்குள் ஒரே கட்சி. இரண்டு பேரும் பொருளைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பொருள் என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. வெள்ளைக் கூம்பு 41 வருஷம் செய்த வேலை ஒன்றே ஒன்று. பட்டப்பகலில், பெருநகரத்தின் ஓரத்தில், நாளெல்லாம் திரை பார்த்த கண்களைச் சில நிமிஷம் பிடுங்கிக்கொண்டு பிறகு திருப்பித் தந்தது. புதிய கூம்பும் அதைச் செய்யட்டும். இரும்பு, கணினி, வண்டி, வரிசை, சட்டை, தொப்பி எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

2027க்குப் பிறகு எந்த வருஷமாவது மறுபடி ஆன்சைட் கிடைத்தால், அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக எண்ணம். அதற்குள் அவள் உயரம் போதுமானதாகிவிடும். ஏறி உட்கார்ந்ததும் அவளிடம் ஒன்றுதான் கேட்பேன். கைய மூஞ்சிக்கு நேரா நீட்டு. தெரியுதா?